நானூற்று எண்பத்தொன்பது போதாது

தேர்வு முடிவு வருகிற அன்று எந்த வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அதனால் அன்றைக்குக் கடையில் ஒரு மட்டிப்பழக் குலையைக் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். வருகிற பிள்ளை முதலில் ஒரு பழம் தின்ன வேண்டும், அப்புறம்தான் மார்க்கைச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு கேட்கிற பதில் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு பிள்ளைகள் என் கடைவாசலில் மயங்கி விழுந்த பிறகு ஏற்படுத்திய வழக்கம் இது. இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை. எங்கிருந்தாவது ஆரம்பியுங்கள் என்று சொன்னீர்கள், ஆரம்பித்தேன்.

என் பெயர் ஜேசுதாஸ், வயது ஐம்பத்தெட்டு. ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதற்குப் பிறகு கருங்கல் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்டீல் அலமாரி. வருமானச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் ஆட்கள் வருவார்கள். ஆனால் மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பஸ் ஏறி என் கடையைத் தேடி வந்தவர்கள் வேறு ஒரு கேள்விக்காக வந்தவர்கள். "இந்த மார்க்குக்கு மெடிக்கல் கிட்டுமா சாரே?"

இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. கோச்சிங் சென்டரில் கேட்டால் இன்னொரு வருடம் படிக்கச் சொல்வார்கள். போதகரிடம் கேட்டால் ஜெபத்தில் வைப்போம் என்பார். சொந்தக்காரர்களிடம் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு இந்தப் பார்க்கலாம் என்கிற சொல்லே பிடிக்காது. ஒரு கணக்குக்கு விடை கேட்டால் எந்த மாணவனாவது பார்க்கலாம் என்று எழுதுவானா? நான் ஒரே வார்த்தையில் சொல்வேன். கிட்டும், அல்லது கிட்டாது.

அது ஜோசியம் இல்லை. மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எழுநூற்று இருபதுக்கு ஐந்நூற்றைம்பது வாங்கியவன் ஒரு வருடம் அழுவான், ஐந்நூறு வாங்கியவன் இன்னொரு வருடம் லட்டு கொடுப்பான். பிள்ளை எந்தப் பிரிவு, படித்தது அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, கேள்வித்தாள் எப்படி, போன வருடம் கடைசி இடம் எந்த மார்க்கில் நின்றது, இவ்வளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு அது கைவந்திருந்தது. பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுத்த காலத்திலேயே சொல்ல ஆரம்பித்தவன், நீட் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒரு நீல அட்டை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். பெயர், மார்க், நான் சொன்னது, நடந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். போன வருடம் வரை பதினாறு வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர், முந்நூற்றுப் பன்னிரண்டு டிக். அந்த நோட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு போனபோது அட்டை மடங்கியது. கொஞ்சம் கவனமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எங்கள் சபையில் ஒரு நடைமுறை உண்டு. முடிவு வந்த அடுத்த ஞாயிறு, ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும்போது, நீட் எழுதிய பிள்ளைகளின் பெயரையும் மார்க்கையும் சபைச் செயலாளர் வாசிப்பார். எல்லோருக்கும் கைதட்டு உண்டு. ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், பிள்ளைகளும் தாய்மாரும் என்னைச் சுற்றி நிற்பார்கள். அவர்களைச் சுற்றி மொத்தச் சபையும் நிற்கும். நான் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக வந்த வழக்கம். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களும் திங்கள்கிழமை கடைக்கு வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நான் யாருக்கு என்ன சொன்னேன் என்பது சந்தை முழுக்கத் தெரிந்திருக்கும்.

சொல்வதோடு என் வேலை முடியாது. விண்ணப்பம் போடுவதும், பிறகு கவுன்சிலிங்கில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று பட்டியல் போட்டுப் பூட்டுவதும் நான்தான். பூட்டிய பட்டியலை மாற்ற முடியாது, அதில் இல்லாத கல்லூரி யாருக்கும் கிடைக்காது. இதில் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே பாதி வீட்டில் அப்பா மஸ்கட்டிலோ தோஹாவிலோ இருக்கிறார். அந்த நம்பரைக் கொடுத்தால் ஓடிபி அங்கே போகும், அவர் வேலையில் இருப்பார், இங்கே நேரம் முடிந்துவிடும். அம்மாவின் நம்பர் எப்போது ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கும் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவர்களே சொல்வார்கள், "சாருக்க நம்பரயே போட்டுக்கிடுங்க." நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதற்கென்றே தனியாக ஒரு போன் வைத்திருந்தேன். பாஸ்வேர்டு எல்லாம் அந்த நீல நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.

இனி ஜாஸ்மி விஷயம்.

ஜாஸ்மியின் அம்மா ராகேல் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். அப்பா ஞானசிங் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரே பிள்ளை. அவளைப் பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும். கொஞ்சம் கேள்வி கேட்கிற பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் நீட் எழுதினாள். அந்த வருடக் கேள்வித்தாள் கடினம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் சொல்வார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மார்க் நானூற்று எண்பத்தொன்பது. அதற்கு முந்தைய வருடம் அவளுடைய பிரிவில் ஐந்நூற்று எழுபதுக்குக் கீழே யாரும் அரசுக் கல்லூரிக்குள் நுழையவில்லை. எண்பத்தொரு மார்க் குறைவு. இதற்கு யோசிக்கவே வேண்டாம்.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் ராகேல் கேட்டார். "சாரே, எனக்க மவளுக்கு?"

"கிட்டாது."

ராகேல் தலையை ஆட்டினார். அவர் எதிர்பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் பிள்ளை விடவில்லை. "சார், எல்லாருக்கும்தான மார்க்கு கொறஞ்சிருக்கு? எனக்க சென்டர்ல எழுதுன ஒருத்தருக்கும் ஐந்நூறு இல்ல. அப்போ ரேங்கு மேல வராதா?"

அவளுக்குப் பதினேழு வயது. சுற்றி இருநூறு பேர் நிற்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே, "மக்களே, நீ எனக்குக் கணக்குச் சொல்லித் தருதியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், ராகேலும் சிரித்தார். பிள்ளை கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மாலைக்குள் அவள் மார்க் போதாது என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மஸ்கட்டிலிருந்து ஞானசிங் எனக்குப் போன் செய்து, நேராகச் சொன்னதற்கு நன்றி சொன்னார். "நம்மளச் சும்மா ஆசை காட்டாம சொன்னியளே சாரே, அது போதும்."

மூன்று வாரம் கழித்துத் தரவரிசைப் பட்டியல் வந்தது.

கடையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. எல்லோருக்கும் மார்க் குறைந்திருந்தது, மிகவும் குறைந்திருந்தது. அவளுடைய ரேங்கை முந்தைய வருடங்களின் ரேங்கோடு வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை கணக்குப் போட்டேன். அரசுக் கல்லூரிகள் முப்பத்துச் சொச்சம் இருக்கின்றன. அதில் ஐந்தோ ஆறோ அவளுக்கு நிச்சயம் கிடைக்கும். வடக்கே தூரத்தில்தான், ஆனால் எம்பிபிஎஸ்தான்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். பயமாக இருந்தது. அதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. இருநூறு பேர் முன்னால் ஒரு பிள்ளையைக் கேலி செய்து சொன்ன பதில் தப்பாகப் போகிறது. ஆனால் என்னைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கிட்டாது என்று சொன்ன ஒரு பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வருடம் முந்நூறு மார்க் வாங்கிய பிள்ளையின் அம்மாவும் என்னிடம் வந்து, சாருக்கு அன்றைக்கும் தப்பியதே என்று சொல்வார். அந்தப் பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் கோச்சிங்கில் அடைப்பார். என் வார்த்தைக்கு மதிப்பு இருப்பதால்தான் நிறையப் பிள்ளைகள் நேரத்தோடு வேறு படிப்புக்குப் போய்ப் பிழைத்தார்கள். ஒரு பிள்ளைக்காக அதைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. இப்போதும் அந்த வாதத்தில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் பூட்ட வேண்டிய கடைசி நாள் மதியம் ராகேலும் ஜாஸ்மியும் கடைக்கு வந்தார்கள். அவள் ஒரு தாளில் எல்லாக் கல்லூரிகளையும் வரிசைப்படுத்தி எழுதிக் கொண்டுவந்திருந்தாள், சென்னையிலிருந்து தர்மபுரி வரைக்கும். நல்ல வரிசை. அவள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் ஏற்றினேன். திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். அவள் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். பிறகு நான், "சர்வர் கொஞ்சம் படுத்துது. நீங்க மூணு மணி பஸ்ஸுக்குப் போங்க, நான் நின்னு லாக் பண்ணிட்டு விளிக்கேன்," என்றேன். ராகேல் ஒரு பையில் கொண்டுவந்திருந்த மட்டிப்பழத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். சொந்த வீட்டுத் தோட்டத்துப் பழம்.

அவர்கள் போன பிறகு பட்டியலை நான்காகக் குறைத்தேன். சென்னையில் மூன்று, மதுரையில் ஒன்று. எல்லாப் பெற்றோரும் முதலில் ஆசைப்படுகிற கல்லூரிகள், அவளுடைய ரேங்குக்கு எட்டவே எட்டாதவை. ஓடிபி என் போனுக்கு வந்தது, பூட்டினேன். ராகேலைக் கூப்பிட்டு, எல்லாம் ஆயிற்று என்று சொன்னேன். எல்லாம் ஆகியிருந்தது.

நான் யாருடைய கையெழுத்தையும் போடவில்லை. எந்தச் சான்றிதழையும் திருத்தவில்லை. முடிவு வந்த அன்று திரையில் 'இடம் ஒதுக்கப்படவில்லை' என்று வந்தது உண்மையான முடிவு, அதை அரசாங்கமே போட்டது. இரண்டாம் சுற்றிலும் அதே நான்கைப் போட்டேன், அதே முடிவு வந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. ஜாஸ்மிக்குப் பின்னால் இருந்த பல பேருக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. யாராவது உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் அதைப் பார்த்துச் சொல்கிற ஆள் நான்தான். ஜாஸ்மி ஒரு தடவை கேட்டாள். அவர்களெல்லாம் வேறு ஒதுக்கீடு மக்கா என்று சொன்னேன், நம்பிவிட்டாள்.

ராகேல் வீட்டுக்கு நானே போனேன். போதகரும் வந்தார். மூன்று பேரும் ஜெபித்தோம். ஜாஸ்மி அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து எனக்குக் காப்பி கொடுத்தாள். "நீங்க மொதல்லயே சொன்னிய சார். நான்தான் கேக்கல," என்றாள். அன்று இரவு நோட்டில் அவள் பெயருக்கு எதிரே டிக் போட்டேன்.

ஜாஸ்மி முதல் ஆள் இல்லை. ஏழாவது.

முதல் ஆள் அபினேஷ். எட்டு வருடத்துக்கு முன்னால். அது தற்செயலாக நடந்தது. அவனுக்கும் கிட்டாது என்று சொல்லியிருந்தேன். கடைசி நாள் உண்மையாகவே சர்வர் படுத்துவிட்டது. ஐந்து கல்லூரியை ஏற்றுவதற்குள் நேரம் முடிந்து தானாகப் பூட்டிக்கொண்டது. அவனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு பார்த்தால், முழுப் பட்டியல் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, சார் அன்றைக்கே சொன்னார் என்றுதான் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, சொல்வதும் பட்டியல் போடுவதும் ஒரே ஆளாக இருந்தால் சொன்னது தவற வழியே இல்லை என்று. அதற்குப் பிறகு தேவைப்பட்டபோது மட்டும் செய்தேன். மொத்தம் பதினொரு பேர். முந்நூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று என்பது நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடாது. கிட்டும் என்று சொன்ன பிள்ளைகள் எல்லோருக்கும் நான் முழுப் பட்டியல் போட்டுத்தான் வாங்கிக் கொடுத்தேன். இன்று அவர்களில் சிலர் இதே மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள், எனக்கு இலவசமாகச் சுகர் பார்க்கிறார்கள்.

பதினொரு பேரும் கெட்டுப்போகவில்லை. அபினேஷ் ஆரல்வாய்மொழியில் காற்றாலை ஏறிப் பழுது பார்க்கிறான். ஜினி நர்சிங் படித்து ஜெர்மனிக்குப் போய்விட்டாள். டெனிஷ் தோஹாவில். பெனின் மட்டும் நான்கு தடவை எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை என்று சொல்கிறார்கள். அவன் அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் எனக்கு முந்திரிக்கொத்து கொடுத்தனுப்புவார்.

ஜாஸ்மி மறு வருடமும் எழுதினாள். நானூற்று ஐம்பத்தொன்று. கிட்டாது என்றேன், அது சரியான கணக்கு. அந்தத் தடவை பட்டியலும் முழுப் பட்டியல்தான், ஒன்றும் குறைக்கவில்லை. அதற்கப்புறம் அவள் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு அஞ்சல் வழியில் டிகிரிக்குச் சேர்ந்தாள். ராகேல் என்னிடம் வந்து, பிள்ளை வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் வைத்துக்கொண்டேன்.

வேலையில் அவளைப் போல ஒரு ஆள் கிடைக்காது. ஒரே மாதத்தில் எல்லாக் கல்லூரிகளின் கடைசி ரேங்கையும் மனப்பாடமாகச் சொன்னாள். யாராவது மார்க்கைச் சொன்னால் நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் கண் ஒரு பக்கம் போய்வரும், கணக்குப் போட்டு முடித்திருப்பாள். ஆனால் வெளியே சொல்ல மாட்டாள். ஒரு நாள் ஒரு பையனுடைய அப்பா அவளிடம், நீ எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். "நானூத்தி எண்பத்தொம்பது. எனக்க மார்க்கு பத்தாது," என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

இந்த வருடம் குளச்சலிலிருந்து கமருதீன் அவருடைய மகள் ஷாஹினாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். மார்க்கைக் கேட்டுவிட்டுக் கிட்டாது என்றேன். ஜாஸ்மி நிமிர்ந்து பார்த்தாள். ரேங்க் வந்தபோது அவள் ஏன் பார்த்தாள் என்று எனக்குப் புரிந்தது. பட்டியல் பூட்டுகிற கடைசி நாள் என் சித்தப்பா மகன் இறந்துவிட்டான், ஆரல்வாய்மொழியில் அடக்கம். போகாமல் இருக்க முடியாது. ஒரு தாளில் நான்கு கல்லூரிப் பெயரை எழுதி ஜாஸ்மியிடம் கொடுத்து, இதை மட்டும் ஏற்று, ஓடிபிக்கு எனக்குப் போன் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனேன். பதினாறு வருடத்தில் நான் செய்த ஒரே கவனக்குறைவு அது.

கல்லறைத் தோட்டத்தில் பயங்கரக் காற்று. போதகர் மண்ணைப் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க." ஒரு பக்கமாகத் திரும்பி நின்று ஆறு எண்ணையும் சொன்னேன். காற்றில் கேட்கவில்லை என்று இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அடுத்த வாரம் கமருதீன் ஒரு பெட்டி அல்வாவோடு கடைக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஷாஹினாஸுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜாஸ்மி முழுப் பட்டியலும் ஏற்றியிருந்தாள். நான் சொன்னது தவறிப்போனதைப் பற்றிக் கமருதீன் ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு அது நினைவே இல்லை. அவர் போன பிறகு கடையில் நானும் ஜாஸ்மியும் மட்டும் இருந்தோம். மேசை மேல் ஸ்டீல் அலமாரியின் சாவி கிடந்தது. பூட்டிய பட்டியலை எல்லாம் பிரிண்ட் எடுத்து வருடவாரியாகக் கட்டி வைப்பது என் பழக்கம், வாத்தியார் விடைத்தாளைக் கிழிக்க மாட்டான். அவள் கையில் மூன்று வருடம் பழைய தாள் ஒன்று இருந்தது.

"இதில நாலு காலேஜுதான் இருக்கு சார்."

"ஆமா."

"நான் எல்லாத்தையும் எழுதிக் கொண்டு வந்தேன்லா. நீங்க ஏத்துனத எண்ணிப் பாத்தேன்லா."

"பாத்த."

"அப்போ எதுக்கு சார்?"

நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "கிட்டாதுன்னு சொல்லியிருந்தேன்லா மக்கா," என்றேன்.

அவள் அந்த நான்கு பெயரையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். "அப்போ எனக்க மார்க்கு போதும்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்து, சின்னப் பட்டியலை எல்லாம் போனில் படம் பிடித்தாள். மொத்தம் பத்துப் பட்டியல் இருந்தன. நான் அல்வாப் பெட்டியை மூடி வைத்தேன். வெயில் நேரம், கடைக்கு வேறு யாரும் வரவில்லை. மறுநாள் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

அவள் கண்டுபிடித்தது பத்து. பதினொன்றாவது அபினேஷுடையது, அதில் ஐந்து கல்லூரி இருந்ததால் விட்டிருப்பாள். அதை நானாகத்தான் உங்களுக்குச் சொன்னேன். மறைக்கிற ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று காலை நீங்கள் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னீர்கள். நீங்கள் சொன்னபடியே சொல்கிறேன். "சாரே, அந்தப் பிள்ளை உங்கள உள்ள தள்ளணும்னு ஒண்ணும் நிக்கல்ல. நான் பேசிப் பாத்தேன். அதுக்கு ஒரே ஒரு காரியம் நடக்கணும். வாற ஞாயித்துக்கெழம கோயில் முற்றத்தில, நீங்க அண்ணைக்கு நின்ன அதே எடத்தில நின்னு, நானூத்தி எண்பத்தொம்பதுக்குக் கிட்டியிருக்கும், நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். அது போதுமாம். மூணு வருசமா ஊர் முழுக்க அவளுக்க மார்க்கு பத்தாதுன்னுல்லா நெனச்சிட்டு இருக்கு. அவளே அப்படித்தான நெனச்சிட்டு இருந்தா." பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றக் குடும்பங்களையும் ராகேல் பேசிச் சம்மதிக்க வைப்பார், கேஸ் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். என் வயதையும் சுகரையும் நினைத்துச் சொன்னீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி.

யோசித்தேன். நியாயமான கோரிக்கைதான். அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை, நான் கற்றுக்கொடுத்த தொழிலை என்னைவிட நன்றாகச் செய்கிற பிள்ளை. இனிமேல் கருங்கலில் பிள்ளைகள் அவளிடம்தான் போய்க் கேட்பார்கள், அவளும் சரியாகத்தான் சொல்வாள். ஆனால் என்னால் அதைச் சொல்ல முடியாது. நான் சொன்னது தப்பு என்று நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நம்பிக்கை மோசடி செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. பதினொரு பிள்ளைகளின் பட்டியலில் பத்தை அவர்களுக்குத் தெரியாமல் குறைத்தேன், ஒன்றைத் தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அவர்கள் டாக்டராக வேண்டியதைக் கெடுத்தேன் என்பதும் சரி. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், எத்தனை வருடம் என்றாலும் போகிறேன். செய்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தப்பாகச் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மைக்கு விரோதம். நானூற்று எண்பத்தொன்பதுக்குக் கிட்டாது என்று சொன்னேன். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அவளுக்குக் கிடைக்கவில்லையே.